சரளை போடாத ரோடு

காலையில் எழுந்ததும் பர்ல் ஸ்டாம்பருக்கு முதல் வேலை, அணைக்கட்டு ஆபீசுக்குப் போன் போட்டு ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்பது. ஜட்ஜாக இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். கடைசித் தேர்தலில் தோற்று, கோர்ட்ஹவுஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அதை அவர் விடவில்லை. ஊரில் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். வெள்ளம் வந்து நம்மை அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று மனிதர் இன்னும் கவலைப்படுகிறார் பார் என்பார்கள். அவர் மனைவி ஒலீட்டாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஜட்ஜ் என்றதும் கறுப்பு அங்கியும் தீர்ப்பும் நினைவுக்கு வரவேண்டாம். கென்டக்கி மலைப்பக்கத்தில், நம்மூர் தாலுகா மாதிரியான ஒரு கவுன்டியின் ரோடு, பாலம், குப்பை, சண்டை சச்சரவு எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற ஆளுக்குத்தான் ஜட்ஜ் என்று பெயர். ஓட்டுப் போட்டு உட்கார வைப்பார்கள், ஓட்டுப் போட்டே இறக்கியும் விடுவார்கள். பர்ல் ஏழு தடவை நின்று ஆறு தடவை ஜெயித்தார். ஜெயித்தது பேச்சால் அல்ல, சரளைக்கல்லால். மலை இடுக்குகளுக்குள் ஒளிந்து கிடக்கிற வீடுகளுக்கு மழைக்காலத்தில் போய்வருவது நரகம். சேறு முழங்காலை இழுக்கும். "ஜட்ஜு, எங்க வீட்டு ஏத்தத்துல ரெண்டு லோடு சரளை" என்று ஒருவன் வாயெடுத்தால் போதும், பர்ல் அவனை முடிக்கவிட மாட்டார். "அது முடிஞ்சிருச்சு, நீ வீட்டுக்குப் போ" என்று முதுகில் தட்டி அனுப்புவார். அவன் போன பிறகுதான் டிப்பர் எங்கே, டிரைவர் எங்கே, குவாரியில் கல் இருக்கிறதா என்று இவர் ஓட ஆரம்பிப்பார். முடிந்துவிட்டது என்று முதலில் சொல்வது, அப்புறம் நாக்குத் தள்ள ஓடி முடிப்பது. அவருடைய அரசியல் மொத்தமும் இவ்வளவுதான். பெரும்பாலும் முடித்தும் விடுவார் என்பதையும் சொல்லவேண்டும்.

போன வசந்தத்தில் அவருக்கு வாதம் அடித்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறிப்போனது. ஆயிரக்கணக்கான கைகளைக் குலுக்கிய கை, மடியில் செத்த கோழி மாதிரிக் கிடந்தது. அன்றிலிருந்து அணைக்கட்டுக்கு ஒலீட்டாதான் போன் போட்டு, அவர் காதில் விழும்படி உரக்கச் சொல்லவேண்டும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அதோடு கூட, மதகில் ஏதோ ரிப்பேர் என்று ஏரியை அதுவரை இறக்காத அளவுக்கு இறக்கினார்கள். அணை கட்டியபோது முங்கிப்போன ஊரெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஸ்பைஸ் ஃபோர்க் பள்ளிக்கூடத்துப் படிகள், பாலத்துக் கம்பி, யாரோ வீட்டு அடுப்புப் புகைக்கூண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் ஜனங்கள் கரைக்கு வந்து, இது உங்க மாமா வீடு, அது எங்க பன்னிக் கொட்டகை என்று விரல் நீட்டிக்கொண்டு நின்றார்கள். காய்ந்த சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மீன் நாற்றம் ரோடு வரைக்கும் அடித்தது.

பர்ல் தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலைக் காட்டுவார். ஒலீட்டா அவரைத் தாங்கிப் பிடித்துப் பிக்கப் வண்டியில் ஏற்றி, ஏரி தெரிகிற திருப்பத்தில் கொண்டுபோய் நிறுத்துவாள். சும்மா உட்காரப் பிடிக்காதவள். ஒரு குண்டான் நிறைய பீன்ஸை மடியில் வைத்துக்கொண்டு நார் எடுப்பாள். காய்களை ஊசியில் கோர்த்துச் சரமாக்கி அடுப்படியில் தொங்கவிட்டால் குளிர்காலம் முழுக்க வேகவைத்துச் சாப்பிடலாம். சோள ரொட்டியும் பன்றிக் கொழுப்புப் போட்டு வேகவைத்த பீன்ஸும் இருந்தால் பர்லுக்கு வேறெதுவும் வேண்டாம். ஏரி மீனை மட்டும் அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. அது சேத்து வாடை அடிக்கிறது என்பார்.

அன்றைக்குத் தண்ணீர் இன்னும் இறங்கி, ஒரு மேட்டுத் திட்டும் அதன்மேல் ஒரு தேவதாரு அடிமரமும் தெரிந்தது.

"அட, நம்ம பழைய கல்லறைத் தோட்டம்" என்றாள் ஒலீட்டா. "அந்த மரம் இன்னும் மக்காமக் கெடக்குது பாரேன்."

பர்ல் இடது கையைத் தூக்கி வண்டிக் கண்ணாடிமேல் வைத்தார். "அவ... அங்க."

"யாரு அங்க?"

"லொரீன்."

ஒலீட்டாவின் ஊசி நின்றது. லொரீன் அவர்களுடைய மூத்த குழந்தை. தவழ்ந்துகொண்டிருந்தபோது கக்குவான் இருமல் வந்து போய்ச் சேர்ந்தவள். அவளை முதலில் புதைத்தது அந்தத் தேவதாரு மரத்தடியில்தான். ஏரி வருவதற்கு முன் எல்லாக் கல்லறைகளையும் தோண்டி மேட்டுக்கு மாற்றினார்களே, அதில் அவளும் போய்விட்டாள்.

"அவ மேட்டுல இருக்கா பர்ல். நீதானே பெட்டிகூட நடந்து போனே? மறந்துட்டியா?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று இல்லை. கண்ணிலிருந்து நீர் தாடைக்கு இறங்கியது, கண்ணாடிமேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் அணை கட்டுகிற பேச்சு வந்தபோது ஸ்பைஸ் ஃபோர்க் ஜனங்கள் கல்லாக நின்றார்கள். வீட்டைக் கூடக் கொடுப்போம், செத்தவர்களைத் தண்ணீருக்குக் கொடுக்கமாட்டோம் என்றார்கள். பர்ல் அப்போது புது ஜட்ஜ். நிலத்தை அணைக்கு எழுதிக்கொடுக்கிற முதல் கையெழுத்தைத் தன் மாமனாரையே போடவைத்தார். சர்ச்சில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டிகூடவும் நானே நடந்து வருவேன் என்று சொன்னார். சொன்னபடி நடந்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் அதையும் கேலி செய்தார்கள். ஜட்ஜ் பிணங்களை வேற பூத்துக்கு மாத்துறாரு, அதுங்க அவருக்குத்தான் ஓட்டுப் போடும் என்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும், ஊர் முழுக்கக் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்து, புல்லில் விரிப்பு விரித்துச் சாப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமையில், வேட்பாளர்கள் எல்லாம் கை குலுக்க அலைவார்கள். பர்ல் அலையமாட்டார். தொப்பியை எடுத்துவிட்டு லொரீனின் அந்தச் சின்ன மண்மேட்டின் பக்கத்தில் நிற்பார். ஒலீட்டா மெழுகில் தோய்த்த வெள்ளைக் காகிதப் பூக்களை வைப்பாள். பார்க்கிறவர்கள் மனசு கரைந்துபோகும்.

அன்று வண்டிக்குள் மனசு கரையவில்லை. ஒலீட்டா ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கி எடுத்தாள்.

"எடுக்கவே இல்லையா?"

"இல்ல."

"எல்லாத்தையும் எடுத்தாங்களே. அரசாங்கத்துக் கூலியாளுங்க இருந்தாங்களே."

"கூலிக்காரன்... தொடக்கூடாது... நான் சொன்னேன். அவளுக்கு... ஊர்க்காரங்கதான்."

அது அவளுக்குப் புரிந்தது. அந்தப் பக்கத்தில் சவக்குழியைச் சொந்த ரத்தம் தோண்டக்கூடாது. அக்கம்பக்கத்து ஆண்கள்தான் மண்வெட்டியோடு வருவார்கள். யாரும் கூப்பிடவேண்டியதில்லை, கூலியும் கிடையாது. சாவுச் செய்தி கேட்டதும் வந்து நிற்பார்கள். வரவில்லை என்றால் அந்த வீட்டை ஊர் தள்ளிவிட்டது என்று அர்த்தம்.

"ஊர்க்காரங்களைக் கூப்பிட்டியா?"

"வீடு வீடா... போனேன். க்ளெல்கிட்ட முதல்ல. 'அரசாங்கத்தையே தோண்டச் சொல்லு'ன்னான். கதவ சாத்தினான். எல்லாரும்... சாத்தினாங்க."

ஊரே ஓட்டுப் போட்டு ஜட்ஜாக்கிய மனுஷனுக்கு அன்று மண்வெட்டி பிடிக்க நாலு பேர் கிடைக்கவில்லை. நாளை வரை பார்க்கலாம், மறுநாள் ஒருத்தன் மனசு இளகுவான் என்று இவர் அலைந்துகொண்டிருந்தபோதே மழை பிடித்தது. மதகு மூடியிருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறிவிட்டது. அதற்குள் வீட்டில் ஒலீட்டாவிடம் 'முடிஞ்சிருச்சு' என்று சொல்லியாகிவிட்டது.

"அப்போ அந்தப் பெட்டியில என்ன இருக்கு?" அவள் குரல் அவளுக்கே வேறு யாரோ குரலாகக் கேட்டது. "இத்தன வருஷமா நான் எதுக்குப் பூ வச்சேன்?"

"மண்ணு. நம்ம... வாசப்படி மண்ணு. அவ தவழ்ந்த எடம்."

ஒலீட்டா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். குண்டான் கவிழ்ந்து பீன்ஸ் ரோடெல்லாம் சிதறியது. இப்படியே நடந்து வீட்டுக்குப் போய்விடலாம், இந்த ஆள் இங்கேயே உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்றுதான் தோன்றியது. காலையில் போட்ட போன்கள், தொடாத மீன், மழை பெய்தால் எழுந்து போய் வராந்தாவில் நிற்கிற பழக்கம், ஏரித் திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டிவிட்டு எல்லோர் முன்னாலும் அழுதது, அதைப் பார்த்து ஜனங்கள் உச்சுக்கொட்டி அடுத்த தேர்தலில் ஓட்டை அள்ளிக் கொட்டியது, எல்லாம் வரிசையாக வந்து அவள் முன் நின்றன. அவள் ஒரு பொய்யனோடு இருந்திருக்கிறாள். பேய் பிடித்தவனோடும் இருந்திருக்கிறாள். எதற்குக் கோபப்படுவது, எதற்கு இரக்கப்படுவது என்று தெரியாமல் பீன்ஸைப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்ததும் வண்டியில் ஏறி வீட்டுக்கு ஓட்டினாள்.

மறுநாள் அணைக்கட்டு ஆபீசில் போனை எடுத்த பையன், ரிப்பேர் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் மதகை மூடப்போகிறோம் என்றான். இனி அந்தத் திட்டு அவள் ஆயுசில் வெளியே வரப்போவதில்லை. பிள்ளையை எடுப்பதென்றால் இந்த வாரம்தான். தோண்ட ஆள் வேண்டும். கதவை முதலில் சாத்தியது யாரோ, அவரிடமிருந்தே ஆரம்பிப்போம் என்று ஒலீட்டா தீர்மானித்தாள். க்ளெல் ராட்லிஃப் வந்தால் மற்றவர்களும் வருவார்கள்.

கவுன்டி முழுக்கச் சரளை போடாத வீட்டு ரோடு ஒன்றே ஒன்றுதான் உண்டு. க்ளெல் வீட்டுக்கு ஏறுகிற ரோடு. அவர் ஒரு நாளும் கேட்டதில்லை, பர்லும் கேட்காதவனுக்குப் போட்டதில்லை. மழையில்லாத வருஷமானதால் சேறு இல்லை, பள்ளம் மட்டும்தான். ஒலீட்டாவின் எலும்பெல்லாம் குலுங்கியது. க்ளெல் கொட்டகையில் காய்ந்த புகையிலையைத் தண்டிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார். ஒல்லி மனிதர், காது இரண்டும் பெரிசு. அவர் மனைவி வெர்டி பக்கத்தில் உட்கார்ந்து இலைகளைத் தரம் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அடேயப்பா, ஒலீட்டா! ஜட்ஜ் ஓட்டுக் கேக்க அனுப்பினாரா? அடுத்த எலக்ஷனுக்கு இன்னும் நாளு கெடக்கே."

"ஓட்டுக்கு வரல. மண்வெட்டிக்கு வந்தேன்."

க்ளெல்லின் கை இலையிலேயே நின்றது.

"ஏரி எறங்கியிருக்கு. என் புள்ள அங்கேயே கெடக்குதுன்னு நேத்துத்தான் எனக்குத் தெரிஞ்சது. அன்னிக்கு நீங்க கதவச் சாத்தினீங்களாமே, அதுவும் நேத்துத்தான் தெரிஞ்சது. எங்கமேல இருக்கிற கோவமெல்லாம் சரிதான், நான் இல்லேங்கல. உங்க வீடு முங்கினதுக்கு எங்க வீட்டுக் கையெழுத்துத்தான் காரணம். ஆனா அவ கையெழுத்துப் போடலையே க்ளெல். அவளுக்குப் பேனா புடிக்கவே தெரியாதே."

க்ளெல் மறுபடி இலையை உரிக்கப் போனார். வெர்டிதான் மடியிலிருந்த புகையிலையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"சொல்லிரு" என்றாள் புருஷனிடம்.

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்தது போதும். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

க்ளெல் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிக்கொண்டார். "தோண்ட வேண்டியதில்ல ஒலீட்டா. அவ அங்க இல்ல."

"அங்க இல்லேன்னா எங்க?" என்றாள் ஒலீட்டா.

"கதவச் சாத்தினேன், நெசந்தான். சாத்திட்டு உக்காந்தா சோறு எறங்கல. எங்கப்பா ஒரு பார்வை பாத்தாரு. 'பெரியவங்க சண்டைக்குக் கைக்குழந்தை என்னடா பண்ணுச்சு'ன்னாரு. மழை வேற புடிச்சிருச்சு. ரெண்டு பேருமா போனோம். நாங்க மண்ணு தள்ளும்போதே தண்ணி தேவதாரு வேரைத் தொட்டுருச்சு. பெட்டி அப்படியே இருந்துச்சு. அப்பா கோட்டைக் கழட்டி அதுல சுத்தி, நான்தான் கையில ஏந்திக்கிட்டு வந்தேன். கனமே இல்ல." அவர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். "இந்த மேட்டு மேல, எங்கம்மா பக்கத்துல வச்சிருக்கோம்."

ஒலீட்டா மேட்டுக்கு ஏறினாள். ராட்லிஃப் குடும்பத்துக் கற்களுக்கு நடுவே, எழுத்தில்லாத சின்ன ஆற்றுக்கல் ஒன்று. அதன்மேல் போன மே மாதத்துக் காகித ரோஜாக்கள், வெயிலில் வெளிறி, இன்னும் கொஞ்சம் இளஞ்சிவப்பு மிச்சம் இருந்தது. அந்த நிறம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வசந்தத்திலும் கடையில் இவள் வெள்ளைக் காகிதம் வாங்கும்போது வெர்டி இளஞ்சிவப்பு வாங்குவாள். யாருக்கு என்று ஒரு தடவை கேட்டதற்கு, ஒரு சின்னக் குழந்தைக்கு என்றாள். ராட்லிஃப் வீட்டில் ஏதோ தவறிப்போன பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்து ஒலீட்டா அவள் கையைப் பிடித்துவிட்டு வந்தாள்.

அவள் மண்டியிட்டு அந்தக் கல்லின்மேல் கையை வைத்தாள். பிறகு எழுந்து திரும்பி, தன் வயசுக்கு மீறிய குரலில் கத்தினாள்.

"ஏன் சொல்லல? அவருகிட்ட வேண்டாம், என்கிட்ட ஏன் சொல்லல? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"முதல்ல கோவம்" என்றார் க்ளெல், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவன் வந்து கேக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அவன் ஒரு பெட்டிய எடுத்துட்டுப் போயி ஊரைக் கூட்டிப் பொதச்சான். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். 'இருடா, எவ்வளவு நாளைக்கு நடிக்கிறேன்னு பாக்கறேன்'னு நெனச்சேன். அப்புறம் நீ அங்க பூ வைக்கறதப் பாத்தேன். இப்போ சொன்னா உனக்கு அந்த மேடும் இல்லாமப் போயிருமேன்னு வாய் வரல. அப்புறம் ரொம்ப லேட் ஆயிருச்சு."

"நானாவது வாயத் தொறந்திருக்கணும்" என்று வெர்டி அழுதாள். "உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். தைரியம் இல்லடி. அவளை நல்லாப் பாத்துக்கிட்டேன், அது மட்டும் சத்தியம்."

ஒலீட்டா அவளைத் திட்டவும் முடியாமல் கட்டிக்கொள்ளவும் முடியாமல் வண்டிக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பர்லின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குள் இருந்த கோபம் போகவில்லை. ஆனாலும் இவ்வளவு காலம் ஒரு மனிதன் தண்ணீருக்கடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான் என்று நினைத்தபோது, சீக்கிரம் சொல்லிவிடவேண்டும் என்று பதறியது.

"பர்ல், கேளு. லொரீன் தண்ணிக்குள்ள இல்ல. க்ளெல் அன்னிக்கே எடுத்துட்டான். அவங்க மேட்டுல இருக்கா, நான் கண்ணால பாத்துட்டு வரேன். அது முடிஞ்சிருச்சு. எப்பவோ முடிஞ்சிருச்சு."

பர்ல் அவளையே பார்த்தார். வாயின் நல்ல பக்கம் கோணிச் சிரித்தது.

"நீ... என்ன மாதிரியே... பேசறே."

"நெசமாச் சொல்றேன்!"

"நானும்... அப்படித்தான்... சொல்லுவேன்." கையைத் தூக்கி அவள் முழங்காலை மெதுவாகத் தட்டினார். வேலை நடக்காது என்று தெரிந்தும் வீட்டுக்கு அனுப்புகிறவனை அவர் தட்டுவது அப்படித்தான். "பரவால்ல... ஒலீட்டா. தண்ணி... எவ்வளவு?"

மதகை மூடினார்கள். தண்ணீர் ஏற ஆரம்பித்தது. பர்ல் சாப்பாட்டை நிறுத்தினார். கரண்டியை வாயருகே கொண்டுபோனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். டேய்ட்டன் நகரத்தில் வேலை பார்க்கும் மகன் போனில், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடம்மா என்றான். ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து இல்லை என்று ஒலீட்டாவுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அவரை நம்பியவள் சொன்னால் அவர் நம்பமாட்டார். ஒரு தடவைகூட நம்பாதவன் வந்து சொல்லவேண்டும். அவள் க்ளெல்லுக்குப் போன் போட்டாள்.

"நான் அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்னு எங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கேன்" என்றார் க்ளெல்.

"தன் கோட்டைக் கழட்டி அவளைச் சுத்திக் குடுத்தாரே, அந்த அப்பாதானே? அவரு ஏறுன்னு சொல்லுவாரு. வா."

மறுநாள் மதியம் க்ளெல் வந்தார். வராந்தாவிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு உள்ளே வந்து, தொப்பியைக் கையிலிருந்து விடாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வெர்டி கொடுத்தனுப்பிய ஆப்பிள் அடுக்குக் கேக்கை ஒலீட்டா மேஜைமேல் வைத்தாள். இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எளச்சிட்டே ஜட்ஜு" என்றார் க்ளெல்.

"நீ... கெழவனாயிட்டே."

"நான் உனக்கு ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்ல, தெரியுமா?"

"தெரியும்... பூத்துல... எண்ணுவேன்."

"உன் எதுர்ல நிக்கிறவன் சுத்தத் திருடன்னு தெரிஞ்சும் அவனுக்குத்தான் போட்டேன். உன்னை சந்தோசப்படுத்தறதுக்கு நான் ஒரு வார்த்தை பேசினதில்ல, இனிமேலும் பேசமாட்டேன். அதனால நான் சொல்றதக் கேட்டுக்கோ. உன் பொண்ணை நான் எடுத்தேன். எங்கப்பாவும் நானும். இந்தக் கையில."

அவர் தொப்பியைக் கீழே வைத்துவிட்டு, கொட்டகையில் நீட்டியது போலவே இரு கைகளையும் நீட்டினார். பர்ல் அந்தக் கைகளையே பார்த்தார்.

"பெட்டி... மூடில... என்ன... இருந்துச்சு?"

"ஒரு தகரப் பறவை அடிச்சிருந்துச்சு. ஒரு றெக்கை ஒடஞ்சது."

பர்ல் வாய்விட்டு அழுதார். அந்தத் தகரப் பறவையைப் பழைய டப்பாவிலிருந்து வெட்டி மூடியில் அடித்தவர் அவர்தான். வெட்டும்போதே றெக்கை ஒடிந்ததை ஒலீட்டாகூட மறந்துவிட்டிருந்தாள். அவளும் அழுதாள்.

"ஏன்... சொல்லல?" என்று பர்ல் கேட்டார், அழுகை கொஞ்சம் அடங்கியதும்.

"நீ கேக்கலையே! கையெழுத்துக் கேட்டு வந்தே. மண்வெட்டி கேட்டு வந்தே. அப்புறம் நாலு வருஷத்துக்கொருக்கா ஓட்டுக் கேட்டு என் வேலி வரைக்கும் வந்தே. 'தண்ணி வந்துருச்சு க்ளெல், என் புள்ள போச்சு'ன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்கிட்ட வந்து அழுதிருந்தீன்னா சொல்லியிருப்பேன்டா."

"ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள் ஒலீட்டா. அவள் குரல் உயரவில்லை. "ஒருத்தன் அழமாட்டேன்னு இருந்தே. ஒருத்தன் அழுதாத்தான் சொல்லுவேன்னு இருந்தே. நடுவுல நான் வாசப்படி மண்ணுக்குப் பூ வச்சுக்கிட்டிருந்தேன். என்னை எவனும் நெனக்கல."

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒலீட்டா கேக்கை வெட்டி ஆளுக்கொரு துண்டு வைத்தாள். பர்ல் சாப்பிட்டார்.

க்ளெல் கிளம்பி வாசல்வரை போனபோது பர்ல் எதையோ சொல்ல முயன்றார். நாக்கு புரளவில்லை. முகம் சிவந்துபோய், நாற்காலிக் கையைத் தட்டித் தட்டி, கடைசியில் ஒரு சொல் வெளியே வந்தது.

"ச... சரளை."

க்ளெல்லுக்கு முதலில் புரியவில்லை. ஒலீட்டாவுக்குப் புரிந்தது. நன்றி, மன்னிப்பு, பாசம், எல்லாவற்றுக்கும் அந்த மனிதனிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"உன் ரோட்டுக்குச் சரளை போடணும்ங்கறாரு" என்றாள்.

க்ளெல் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறு எதுவாகவோ மாறிவிட்டது. "இப்போவா கேக்கறே? பதவியெல்லாம் போன பிறகா? போடா லூசு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூட்ஸை மாட்டினார்.

அன்றிலிருந்து பர்ல் தண்ணீர் எவ்வளவு என்று கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து, பனி உருகி மழை பிடித்த வாரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

செய்தி போன அன்று காலையிலேயே வராந்தாவில் மண்வெட்டிகளோடு ஆண்கள் வந்து நின்றார்கள். அன்று கதவைச் சாத்தியவர்களில் உயிரோடிருந்த எல்லோரும் இருந்தார்கள். முன்னால் க்ளெல். எங்கே தோண்டுவது என்று கேட்டார்கள். மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில், வாசல்படி மண்ணைப் புதைத்த அந்தச் சின்ன மேட்டுக்குப் பக்கத்தில், பர்ல் தனக்கு இடம் குறித்து வைத்திருந்தது ஊருக்கே தெரியும். ஒலீட்டா க்ளெல்லைப் பார்த்தாள்.

"எங்க மேட்டுல, குழந்தைக்கு அந்தப் பக்கம் எடம் இருக்கு" என்றார் க்ளெல். "பக்கத்துல இருக்கிற எங்கம்மாவுக்கு ஜட்ஜைப் புடிக்காது. அவ பாத்துக்குவா."

"அப்போ அங்கேயே தோண்டுங்க" என்றாள் ஒலீட்டா. மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் ஏன் என்று கேட்காமல் போனார்கள். க்ளெல் வழியில் சொல்லியிருக்கவேண்டும். திரும்பி வந்தபோது யாரும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

புது ஜட்ஜ் வெண்டல் ஸ்லோன் துக்கம் விசாரிக்க வந்தான். சின்ன வயசு, மினுமினுக்கிற ஷூ. "அம்மா, ராட்லிஃப் ரோட்டுல சவ வண்டி ஏறாது. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு லோடு சரளை கொட்டச் சொல்றேன். ஜட்ஜுக்கு நாங்க இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

"வேண்டாம்" என்றாள் ஒலீட்டா.

"சேறு முழங்கால் வரைக்கும் இருக்கும்மா!"

"இருக்கட்டும். தூக்கிட்டுப் போகட்டும்."

தூக்கிக்கொண்டுதான் போனார்கள். கவுன்டியில் ஒரு ரோடு விடாமல் சரளை போட்ட மனிதர், போடாத அந்த ஒரே ரோட்டில், ஆறு பேர் தோளில், மழைத் தூறலில் ஏறினார். சவ வண்டி கீழே ரோட்டிலேயே நின்றுவிட்டது. தூக்குகிறவர்கள் வழுக்கினார்கள், முனகினார்கள், ஒருவன் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு காலுறையோடு நடந்தான். "உயிரோட இருக்கும்போதும் இவரு இப்படித்தான் எல்லாரையும் வேலை வாங்குவாரு" என்று யாரோ சொல்ல, சுமந்துகொண்டே சிரித்தார்கள். பின்னால் ஒலீட்டா வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் சேறு அவள் ஷூவை உறிஞ்சி இழுத்தது. இந்தச் சேறு அவருக்குத் தேவைதான் என்று நினைத்தாள். அடுத்த அடியிலேயே, ஐயோ, பெட்டியைக் கீழே போட்டுவிடப் போகிறார்களே என்று நெஞ்சு பதறியது. வெர்டி வந்து அவள் கையைக் கோர்த்துக்கொண்டாள். இந்தத் தடவை ஒலீட்டா விலகி நடக்கவில்லை.

போதகர் ஜெபம் சொல்லி முடித்தார். மண்வெட்டிக்காரர்கள் மண்ணைத் தள்ளினார்கள். அந்த எழுத்தில்லாத ஆற்றுக்கல்லுக்கும் புது மண்ணுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஒலீட்டா கோர்ட்ஹவுஸுக்குப் போனாள். ஜட்ஜ் அறைக்கு வெளியே இருக்கிற நீள பெஞ்சில், மற்ற ஜனங்களோடு உட்கார்ந்தாள். பர்ல் ஜட்ஜாக இருந்த அத்தனை வருஷத்தில் அந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அவளைப் பார்த்ததும் வெண்டல் பதறிக்கொண்டு வெளியே ஓடிவந்தான்.

"அம்மா! நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க. என்ன வேணும்?"

"க்ளெல் ராட்லிஃப் வீட்டு ரோட்டுக்குச் சரளை வேணும். அடிவாரத்துலருந்து மேட்டு உச்சி வரைக்கும்."

"இவ்வளவுதானா? அது முடிஞ்சிருச்சுன்னு வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

"வச்சுக்க மாட்டேன் தம்பி" என்றாள் ஒலீட்டா. "நீ போயி வேலையப் பாரு. முடிச்சிட்டு வந்து சொல்லு. அது வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். வெண்டல் உள்ளே போய்ப் போனை எடுக்கிற சத்தம் கேட்டது. ஒலீட்டா பையைத் திறந்து, கத்தரியையும் இளஞ்சிவப்புக் காகிதத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மே மாதத்துப் பூக்களை வெட்ட ஆரம்பித்தாள்.